பொன்னுசாமி எழுதிய இங்கிலீஷ் வாக்கியம்

பனியன் துணியை அழுத்தித் தேய்க்கிற காலண்டர் மெஷினுக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான் இருந்தது. தடுப்பின் இந்தப் பக்கம் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தோம். அந்தப் பக்கத்திலிருந்து நாள் முழுக்க நீராவி வரும். காலையில் நான் சாக்பீஸில் எழுதுவதெல்லாம் பதினோரு மணிக்குள் ஈரம் ஏறி மங்கிப் போகும்.

அன்றைக்கு டீ நேரத்தில், மெஷினில் துணி விடுகிற பொன்னுசாமி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னிடமிருந்து சாக்பீஸை வாங்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக யோசித்து யோசித்து இங்கிலீஷில் எழுதினார்.

'ஓனர் டர்ன்ஸ் பிளைண்ட் ஐ. மெஷின் நோ கார்டு.'

எழுதிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "சரிதானுங்களா வாத்தியாரே?" என்றார்.

மெஷினில் பாதுகாப்புத் தடுப்பு இல்லை, முதலாளி அதைக் கண்டும் காணாமல் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்றாவது வரை படித்த மனிதர், நான் சொல்லிக்கொடுத்த தொடரைத் தானாகவே இடம் பார்த்துப் பயன்படுத்திவிட்டார். நடுவில் ஒரு 'எ' விட்டுப்போயிருந்தது. அதைச் செருகினேன். "சபாஷ் அண்ணா, முழு மார்க்கு" என்று முதுகில் தட்டினேன். பிறகு, முதலாளி வந்து பார்த்துவிடப் போகிறாரே என்று பயந்து, அவர் துண்டையே வாங்கிப் பலகையைத் துடைத்தேன்.

வாரா வாரம் வரும் இந்த நினைவுத் தொடரை எழுத உட்கார்ந்த முதல் வாரத்திலிருந்தே இந்த அத்தியாயத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். எழுதாமலே விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். பெருமாநல்லூரிலிருந்து ஒரு வாசகர், 'உங்களுக்கு இவ்வளவு இங்கிலீஷ் எப்படி வந்தது, அதனால் என்ன பிரயோஜனம் கண்டீர்கள்?' என்று தபால் கார்டு போட்டிருக்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். இரண்டாவதற்குச் சொல்லத்தான் இத்தனை வாரம் ஆயிற்று.

இருநூறு தொடர்கள்

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பத்தாவது தாண்டியதில்லை. நான் தாண்டிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே தெற்குச் சீமைக்காரர் ஒருவர் மாலையில் இங்கிலீஷ் நடத்துவார். இலக்கணம் எல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். இங்கிலீஷ்காரன் பேச்சில் கலந்து புழங்குகிற சொற்றொடர்களை இருநூறு எண்ணிக்கையில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"இந்த எரநூறும் தெரிஞ்சா வெள்ளைக்காரனை அவன் பாஷையிலயே வைய்யலாம்டே" என்பார். வெள்ளைக்காரன் ஊரைக் காலி செய்துகொண்டு போய் வெகு காலம் ஆகியிருந்தது. அதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை.

நான் அந்த நோட்டை அப்படியே நகல் எடுத்து நெட்டுரு போட்டேன். அந்தப் பலத்தில்தான் நெருப்பெரிச்சல் கிராமத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பனியன் கம்பெனியில் கடிதம் எழுதும் கிளார்க்காகச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி இப்போது இல்லை. பெயர் வேண்டாம்.

முதலாளி ஐந்தாவது படித்தவர். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் சரக்கு அனுப்புவார். அங்கேயிருந்து இங்கிலீஷில் கடிதம் வரும். நான் பதில் எழுதுவேன். ஒரு பக்கக் கடிதத்தில் மூன்று தொடரையாவது நுழைக்காவிட்டால் எனக்கு அன்று சோறு இறங்காது. ரயில் பார்சல் தாமதமானால்கூட, கடைசி நேரம் என்பதற்குப் பதினோராவது மணி என்று ஏதாவது எழுதிவிடுவேன். "அப்படீன்னா என்ன கண்ணு?" என்று முதலாளி கேட்பார். விளக்கிச் சொன்னால் தொடையைத் தட்டிச் சிரிப்பார். "உன்னாட்டம் இங்கிலீசு இந்த ஜில்லாவுல எவன் எழுதுவான்!" என்பார். அந்தப் பேச்சுக்கு நான் மயங்கிப் போயிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சம்பளத்தைவிட எனக்கு அது பெரிதாக இருந்தது.

கரும்பலகை முதலாளியின் யோசனைதான். தினமும் ஒரு தொடர் எழுதி, டீ நேரத்தில் நான் பொருள் சொல்ல வேண்டும். "நம்ம ஆளுகளும் நாலு வார்த்தை இங்கிலீசு பேசோணும்பா" என்றார். முதல் வாரம் கம்பெனியே கூடி நின்றது. அடுத்த வாரம் ஆறு பேர். மூன்றாவது வாரத்திலிருந்து பொன்னுசாமி மட்டும்.

காலண்டர்க்காரர்

பொன்னுசாமிக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். காலண்டர் மெஷினில் துணி விடுகிற வேலை. குழாயாக வரும் பனியன் துணி, ஆவியில் சூடேறிய இரண்டு உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுபக்கம் மடிப்பில்லாமல் தட்டையாக வெளியே வரும். நுழைகிற பக்கம் நிற்பவர் சுருக்கத்தை விரலால் நீவி நீவி விட வேண்டும். அவருடைய விரல் நுனிகள் வெந்து வெளுத்திருக்கும். அந்த விரல்களால் சாக்பீஸைப் பிடிப்பதற்கே அவருக்குச் சிரமம்.

ஆனாலும் இரண்டே மாதத்தில் தன் பெயரை இங்கிலீஷில் எழுதப் பழகிவிட்டார். மற்றவர்கள் கைநாட்டு வைக்கிற சம்பள ரிஜிஸ்தரில் இவர் கையெழுத்துப் போடுவார். கடைசி எழுத்தின் வாலைக் கீழே இழுத்து ஒரு சுழி சுழிப்பார். அந்தச் சுழிக்கு மட்டும் அரை நிமிடம் எடுத்துக்கொள்வார். பின்னால் நிற்பவர்கள் "ஏனுங்கண்ணா, கலெக்டரு கையெழுத்துங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

"என்ற பொண்ணை நல்லாப் படிக்க வெக்கோணுமுங்க" என்பார். "பள்ளிக்கோடத்துல கையெழுத்துக்குப் பாரம் நீட்டுனா அப்பன் கைநாட்டு வெக்கக் கூடாது பாருங்க."

என்னை முதலில் வாத்தியாரே என்று கூப்பிட்டவர் அவர்தான். பிறகு கம்பெனி முழுக்க அதுவே பெயராகிவிட்டது.

கப்பல் தளபதியின் கண்

'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்ற தொடருக்கு என் நோட்டில் ஒரு கதையும் இருந்தது. ஒரு கண் பார்வை போன கப்பல் தளபதி. சண்டையின் நடுவே, பின்வாங்கு என்று மேலதிகாரியின் கப்பலிலிருந்து கொடி காட்டுகிறார்கள். தளபதி தூரநோக்கியைப் பார்வையில்லாத கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு கொடியும் தெரியவில்லையே என்று சொல்லிச் சண்டையைத் தொடர்கிறார். ஜெயிக்கவும் ஜெயிக்கிறார்.

கதையில் தளபதி ஜெயித்துவிட்டதால், அந்தத் தொடரே ஏதோ பெருந்தன்மையான காரியத்தைச் சொல்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் பொன்னுசாமிக்கும் சொல்லிக்கொடுத்தேன். நம் பேச்சில் கண்டும் காணாமல் இருப்பது என்கிறோமே, அதுதான் என்றேன். பெரிய மனிதர்கள் சின்ன விஷயங்களை அப்படித்தான் விட்டுவிடுவார்கள் என்றேன்.

அவர் உடனே பிடித்துக்கொண்டார். "சம்பந்தி ஊட்டு விருந்துல சோறு கொழஞ்சு கெடந்தா நாம ஒண்ணுஞ் சொல்லாம உண்டு போட்டு வாறமே, அதுங்களா?"

"அதேதான் அண்ணா."

"அப்ப இது நல்ல காரியமுங்களா, கெட்ட காரியமுங்களா?"

"இடத்தைப் பொறுத்தது" என்றேன். அந்தப் பதிலை ரொம்பச் சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"எந்த எடத்துல கெட்டதுங்க?"

டீ நேரம் முடிந்து மணி அடித்தார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாள்தான் அவர் வந்து பலகையில் அந்த வாக்கியத்தை எழுதிக் காட்டினார்.

கழற்றிய தடுப்பு

காலண்டரின் உருளைகளுக்கு முன்னால் ஒரு கம்பி வலைத் தடுப்பு உண்டு. கார்டு என்போம். துணி மட்டும் நுழைகிற அளவுக்குக் கீழே இடம் விட்டு, நான்கு போல்ட்டில் முடுக்கியிருக்கும். கை உள்ளே போகாது.

அந்த வருடம் ஆயுத பூஜைக்காக அதைக் கழற்றினார்கள். இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், எங்கள் ஊரில் ஆயுத பூஜை தீபாவளிக்குச் சமமான நோம்பி. மெஷினையெல்லாம் துடைத்துக் கழுவி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டுவோம். உருளைக்குப் பொட்டு வைத்து மாலை சாத்த வேண்டுமே! தடுப்பு குறுக்கே இருந்தது. அதனால் கழற்றிக் கழுவி, அதற்கும் நடுவில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்து, சுவரோரமாகச் சாத்தினார்கள். போல்ட் முடுக்குகிற ஸ்பேனர்களெல்லாம் சாமி முன்னால் தாம்பாளத்தில் இருந்தன. பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக்கூடாது.

மறுநாள் நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்து மெஷினை ஓட்டினார்கள். நல்ல நேரம் தவறிவிடக் கூடாது என்ற அவசரத்தில் தடுப்பை மாட்டவில்லை. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். ஓட்டிப் பார்த்தால், தடுப்பு இல்லாதபோது துணி வேகமாகப் போகிறது. சுருக்கம் விழுந்தால் மெஷினை நிறுத்த வேண்டியதில்லை, கையைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோய் நீவிவிட்டால் போதும். எதிரே தீபாவளிச் சரக்கு மலையாகக் கிடந்தது.

"தீபாவளி முடியட்டும், மாட்டிக்கலாம்" என்றார் முதலாளி.

தீபாவளி முடிந்தது. தடுப்பு பின்கட்டுக் குடோனுக்குப் போனது. கார்த்திகை போய் மார்கழியும் வந்தது. முதலாளி தினமும் மெஷினைச் சுற்றி வந்தார். மேஸ்திரி பார்த்தார். ஃபிட்டர் பார்த்தார். என் மேசையிலிருந்து எழுந்து நின்றால் எனக்கும் தெரியும்.

ஒரே ஒருவர்தான் வாயைத் திறந்து சொன்னார். அதையும் முதலாளியிடம் நேரே சொல்ல முடியாமல், நான் கற்றுக்கொடுத்த பாஷையில், என்னிடம் சொன்னார். முதலாளியிடம் பேசக்கூடிய ஆள் நான் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும். நானோ வாக்கியத்தைத் திருத்திவிட்டு மார்க் போட்டேன். எந்த இடத்தில் கெட்டது என்று கேட்டாரே, அந்தக் கேள்வியோடு சேர்த்து அதைப் படித்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வியாழக்கிழமை

பொன்னுசாமி பலகையில் எழுதிப் பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை. பத்து மணி இருக்கும். நான் பம்பாய்க்குக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பொன்னுசாமி சத்தம் போடவில்லை. மறுபக்கத்தில் துணி வாங்குகிற ஆள்தான் "நிறுத்து! பெல்ட்டைத் தள்ளு!" என்று கத்தினான். மெஷினை ஓட்டுகிற பெல்ட்டைத் தள்ளியும் உருளை உடனே நிற்கவில்லை. ஈரத் துணி அவர் வலது கையைச் சுற்றி உள்ளே இழுத்திருந்தது. நாலு பேர் சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றினார்கள். அப்போதுதான் அவர் அலறினார்.

நான் பலகைத் தடுப்பைப் பிடித்தபடி நின்றேன். புதுப் பனியன் துணியில் கையைச் சுற்றி, முதலாளியின் காரில் ஏற்றிக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் சேதி வந்தது.

அதற்கு முன்னால், மதியமே, ஃபிட்டர் குடோனிலிருந்து தடுப்பை எடுத்துவந்து நான்கு போல்ட்டையும் முடுக்கிவிட்டார். யார் சொல்லிச் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தடுப்பு இல்லாமல் கம்பெனி மெஷினை ஓட்டியிருந்தால் முழுப் பொறுப்பும் கம்பெனியுடையது, நஷ்டஈடு கொடுத்தே தீர வேண்டும், கேஸும் நடக்கும். இருந்த தடுப்பைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

"கேஸு கீஸுன்னு வந்தா கம்பெனிய மூட வேண்டீதுதான் கண்ணு. நாப்பது குடும்பம் தெருவுல நிக்கோணும்" என்றார். "பொன்னுசாமிய நான் உட்டுருவனா? கடைசி வரைக்கும் வெச்சுக் காப்பாத்தறேன். நீ மட்டும் இங்கிலீசுல பக்குவமா எழுதிப்போடு. உன்னாட்டம் எவன் எழுதுவான்?"

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். வேலை போனால் என்ன ஆகும் என்ற பயம் இருந்தது. அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் பொய்யாகிவிடும். அந்தக் கடைசி வாக்கியத்துக்கும் நான் மசிந்தேன்.

பொட்டு

சனிக்கிழமை தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான மனிதர். பஸ்ஸில் வந்திறங்கி நடந்தே வந்தார். முதலாளி நீட்டிய இளநீரை வேண்டாம் என்றுவிட்டு நேரே மெஷினிடம் போனார். முதலாளியும் நானும் பின்னால் போனோம்.

"இந்த கார்டு எப்பவும் இதுலயே இருந்ததா?"

"ஆமாங்க" என்றார் முதலாளி. "அந்த ஆளுதானுங்க சுருக்கா வேலை முடிக்கோணும்னு கழட்டி வெச்சுப்போட்டான்."

இன்ஸ்பெக்டர் குனிந்து கம்பி வலையைப் பார்த்தார். அதன் நடுவில் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. மேலே குங்குமம். யாருக்கும் அதைத் துடைக்கத் தோன்றவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யார் துடைப்பார்கள்?

"ஆயுத பூஜைப் பொட்டா?"

"ஆமாங்க" என்று முதலாளி வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் உருளையைப் பார்த்தார். அதில் பொட்டு இருந்த அடையாளமே இல்லை. மெஷின் சட்டத்திலும் இல்லை. எல்லாம் ஆவியில் என்றோ கரைந்து போயிருந்தன. தடுப்பில் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"மூணு மாசமா ஆவியில இருந்துமா இது அழியல?"

முதலாளி என்னைப் பார்த்தார். என் வாய் தயாராக இருந்தது. தினமும் இங்கிலீஷில் ஜோடித்துப் பழகிய வாய் அல்லவா! பூஜையன்று வைத்தது எப்போதோ போய்விட்டது, வெள்ளிக்கிழமைதோறும் புதுப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம், இது நேற்று வைத்தது என்று தடங்கலில்லாமல் இங்கிலீஷில் சொன்னேன்.

அவர் ஒரு விரலால் பொட்டைத் தொட்டார். சந்தனம் பொருக்காக உதிர்ந்தது. விரலை ஊதினார். என் பக்கம் திரும்பினார்.

"இங்கிலீஷ் நல்லாப் பேசறீங்க" என்றார். நோட்டில் ஏதோ எழுதினார்.

நான் சொன்னதை அவர் நம்பினாரா, நம்பாமலே விட்டுவிட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரி

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டருடன் நானும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விபத்து நடந்த விதத்தைப் பொன்னுசாமியே சொல்வதாக ஒரு வாக்குமூலம். அதை முதல் நாளே ஆபீசில் டைப் அடித்துவிட்டேன். அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது.

பொன்னுசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் மனைவி ராமாத்தாள் கீழே உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாத்தியாரே" என்றார் பொன்னுசாமி. "பஸ்ஸுல எடம் கெடச்சுதுங்களா? காபி குடிச்சீங்களா?"

டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க இதை வாசிச்சுக் காட்டி, தமிழ்ல விளக்கிச் சொல்லி வையுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு வார்டின் கோடிக்குப் போனார்.

நான் முதலில் இங்கிலீஷில் வாசித்தேன். வேகமாக வாசித்தேன். கார்டைத் தானே ரிமூவ் செய்ததாக வருகிற வரியில் இன்னும் வேகமாகப் போனேன். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

பிறகு தமிழில் சொன்னேன். துணியில் சுருக்கம் விழுந்தது, நீவிவிடக் கையைக் கொண்டுபோனீர்கள், துணியோடு கை போய்விட்டது என்றேன். தடுப்பைப் பற்றிய வரியை விட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார். கட்டிலுக்கு அருகில் நின்று, நிதானமாக, "எல்லாம் புரிஞ்சுதுங்களா? எதாச்சும் மாத்திச் சொல்லணுமா?" என்று கேட்டார்.

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். ராமாத்தாளையும் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"வாத்தியார் படிச்சாருங்க" என்றார் கடைசியில். "புரிஞ்சுதுங்க."

காகிதத்தின் அடியில், எழுதப் படிக்கத் தெரியாத இந்தத் தொழிலாளிக்கு வாசித்து விளக்கப்பட்டது என்று நான்தான் அடித்திருந்தேன். வலது கை இல்லாதவர் கைநாட்டுத்தானே வைக்க முடியும்? இடது பெருவிரலில் நானே மையைத் தடவினேன். அதற்குக் கீழே சாட்சியாகக் கையெழுத்தும் போட்டேன்.

அவருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் போலக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை போட்டுக் கொடுத்தார். சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. ஏழெட்டு மாதம் இருந்தார். ஒருநாள் காலையில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மனைவியின் அண்ணன் ஊருக்குக் குடி போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் மேனேஜரானேன். கரும்பலகையை அதற்கு முன்பே கழற்றியிருந்தோம்.

சோமனூர்

எழுபதுகளில், முதலாளி காலமாகி, மகன்கள் பாகம் பிரித்துக்கொண்டு, கம்பெனி இல்லாமல் போன பிறகு, ஒருநாள் சோமனூருக்கு பஸ் ஏறினேன். பொன்னுசாமி அங்கேதான் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் காவலுக்கு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

ஏன் அத்தனை வருடம் போகாமல் அன்று போனேன் என்றால், அன்றைக்கு உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் போனேன். இதைவிடக் கேவலமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கொட்டகையை ஒட்டி ஒற்றை அறை வீடு. தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. வெளியே வேப்பமரத்தடிக்குக் கட்டிலைத் தூக்கிப் போட்டு உட்கார வைத்தார். தலை நரைத்திருந்தது. வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"பொண்ணு என்ன பண்ணுது அண்ணா?"

"எட்டாவதோட நிறுத்திப்போட்டனுங்க. உள்ள தறிக்குத் தார் சுத்தறா." நூல் சுற்றுகிற வேலை அது. "உங்குளுக்கு எத்தனை கொழந்தைங்க?"

சொன்னேன். ராமாத்தாள் காபி கொண்டுவந்து வைத்தார். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

"அண்ணா, அன்னைக்கு ஆஸ்பத்திரில ஒரு காயிதம் வாசிச்சனே..."

"தெரியுமுங்க."

"இல்லீங்கண்ணா, அதுல ஒரு வரியை நான் தமிழ்ல..."

"அதுதானுங்க, தெரியுமுங்க" என்றார். "கார்டு, ரிமூவ். இது ரெண்டும் தெரியாம காலண்டர்ல அத்தனை வருசம் நின்னிருப்பனுங்களா? நீங்க படிக்கறப்பவே புரிஞ்சுதுங்க."

"அப்பறம் ஏன் அண்ணா சும்மா இருந்தீங்க? அதிகாரி கேட்டாரே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதுமே!"

அவர் துண்டைச் சரி செய்துகொண்டார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க" என்றார். "நானாச் சொன்னா உங்க பொழப்புப் போயிரும். நீங்களாச் சொன்னா உங்குளுக்கும் மருவாதி பாருங்க. அதிகாரி நிக்கறப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். சரி, ஆளுக இருக்கறாங்க, நாளைக்குத் தனியா வருவீங்கன்னு பாத்தேன். அப்பறம் கேட்டுல நின்னப்பவும் பாத்தனுங்க. காலைல நீங்க சைக்கிள்ல வருவீங்களே, அப்பல்லாம், இன்னைக்குச் சொல்லீருவாரு, இன்னைக்குச் சொல்லீருவாருன்னு..."

ஏழெட்டு மாதம் தினமும் காலையில் அவர் எனக்குக் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். நான் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்துக்கொண்டே உள்ளே போவேன்.

"ஒரு நா, இனி இவரு சொல்ல மாட்டாருன்னு தெரிஞ்சு போச்சுங்க" என்றார் பொன்னுசாமி. "அன்னைக்குத்தானுங்க வேலைய உட்டு நின்னுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை.

ராமாத்தாள் வாசலுக்கு வந்து, "நேரமாச்சுங்க, ஒரு வாய் சாப்புட்டுப் போட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உள்ளே போய் இலை முன் உட்கார்ந்து, போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு எழுந்தேன்.